திருவோண நட்சத்திரத்துக்கு ஒரு மதர்போர்டு

ஜூலை 7, திங்கள்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர்காரர்கள் அனுப்பியது. அக்டோபர் கடைசியில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளிவருகிறதாம். அதற்குப் பிறகு அவர்களுடைய சாஃப்ட்வேர் அந்தப் புதியதில் மட்டும்தான் ஓடுமாம். கீழே சிவப்பு எழுத்தில், "உங்கள் கம்ப்யூட்டர் பொருந்தவில்லை" என்று போட்டிருந்தது. இருபத்தாறு வருடமாகக் கோபியில் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறேன். பொருந்தவில்லை என்ற வார்த்தையை இந்த ஊருக்கு நான்தான் சொல்லுவேன். என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பெட்டிக்குள் நாலாயிரத்து இருநூறு ஜாதகங்கள் இருக்கின்றன. நான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது என் மருமகள் மேகலா. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். அங்கே இருநூறு பெட்டிகளைக் கட்டி மேய்க்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன்.

ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுதமாட்டேன். என் மகன் யுவராஜும் அவளும் பிரிகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. செப்டம்பர் 24 அன்று கோர்ட்டில் முடிகிறது. அவன் பெங்களூரில், அவள் கோயமுத்தூரில், நான் இங்கே. அந்தத் தேதிக்குப் பிறகு மேகலா எனக்கு என்ன முறை ஆவாள் என்று தெரியவில்லை. முறை இல்லாத ஒருத்தியை என்ன சொல்லி வீட்டுக்கு அழைப்பது?

"சனிக்கிழமை வந்து பாக்கறனுங்க அத்தை" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஒன்பதரை பஸ்ஸில் வந்தாள். இளைத்துவிட்டாய் என்று சொன்னேன். அப்படியெல்லாம் இல்லை என்றாள். மூன்று இட்லி வைத்தேன், ஐந்து சாப்பிட்டாள்.

கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம், "மதர்போர்டு மாத்தோணுமுங்க அத்தை" என்றாள். மதர்போர்டு என்பது உள்ளே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கும் பலகை. புது சிஸ்டத்துக்கு இந்தப் பலகை ஒத்துவராதாம்.

"எது ஒத்துவரும்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"நெறைய இருக்குதுங்க. பார்த்துத்தான் எடுக்கோணும். அவசரப்பட வேண்டாமுங்க. வாராவாரம் வந்து பார்த்துக்கலாம்."

அவசரப்பட்டு எதையும் எடுப்பவள் இல்லை நான். அதை அவளிடமும் சொன்னேன். மத்தியானம் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், ஐந்து வருடமாக நானும் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனாள்.

ஜூலை 14, திங்கள்

நசீர் பாய் கம்ப்யூட்டர் கடைக்கு நானே போனேன். தலை நரைத்த மனிதர், பதினைந்து வருடப் பழக்கம். மதர்போர்டு பார்க்கவேண்டும் என்றதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். திறந்து காட்டச் சொன்னேன்.

"டப்பா சீலை உடைச்சா அப்புறம் வேண்டாம்னு சொல்லக்கூடாதும்மா."

"மொகத்தைப் பார்க்காம எப்படிங்க பாய் முடிவு பண்றது?"

உடைத்துக் காட்டினார். கறுப்பு நிறம், லட்சணமாகத்தான் இருந்தது. எந்தக் குடும்பம் என்று கேட்டேன். ஏதோ ஓர் எழுத்தும் மூன்று எண்களும் சொன்னார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை என்றேன், அந்த வரிசையில் பன்னிரண்டு மாடல் என்றார். இதற்கு முன்னால் யாராவது பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களா என்று கேட்டதற்கு மட்டும் முழித்தார்.

டப்பாவின் ஓரத்தில் தயாரித்த தேதி அச்சாகியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

"தேதி எதுக்கும்மா?"

"நட்சத்திரம் பார்க்கத்தான்."

"நாங்க ஜாதகம் பாக்கறதில்லைங்கம்மா. வாரண்டிதான் பாப்போம்" என்றார்.

எனக்கொன்றும் பைத்தியம் இல்லை. இருபத்தாறு வருடமாக எந்த இரண்டு சேர்ந்தாலும் தேதி கேட்கும் பழக்கம். வீட்டுக்கு மிக்ஸி வாங்கியபோதும் பார்த்தேன். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

புது சிஸ்டம் அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் காலை பத்து மணிக்குப் பிறக்கிறது. நம் கணக்குக்குத் திருவோண நட்சத்திரம், மகர ராசி. அது வந்து மதர்போர்டின் மேல் குடியிருக்கப் போவதால் வீட்டோடு மாப்பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். மதர்போர்டு பெண். பெண்ணுக்குச் சதயம். திருவோணத்துக்கும் கழுத்து ரஜ்ஜு, சதயத்துக்கும் கழுத்து ரஜ்ஜு. ஒரே ரஜ்ஜுவில் நான் யாருக்கும் முடித்து வைத்ததில்லை. நசீர் பாய்க்குப் போன் செய்து இடம் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பெண் எடுக்கிற வழக்கம் இல்லை. ஆகையால் ஆவணி வரைக்கும் மதர்போர்டு வாங்குவதற்கில்லை என்று மேகலாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க அத்தை. ஆடியில எப்படி?"

"நீ அதுவரைக்கும் வரவேண்டியதில்ல கண்ணு. வீணா எதுக்கு அலைச்சல்?"

"வேற போர்டுக விவரம் எல்லாம் எடுத்து வைக்கோணுமில்லைங்க. வரோணும்."

அதுவும் சரிதான். நோட்டுப் போட்டு நாற்பது போர்டுகளின் பெயரை எழுதினோம். பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். முன்பெல்லாம் வேண்டாம் என்று ஓடுவாள், இன்றைக்கு உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 28, திங்கள்

நசீர் பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார் போல. உரக்கடை பழனியப்பன் வாசலில் நிற்கிறார், கையில் ஒரு சீட்டு. அவர் கடையில் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஒத்துப்போவதில்லையாம். பத்து பில் அடித்தால் எட்டு பில் உள்ளேயே சிக்குகிறதாம். இரண்டின் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மனுசருக்குத்தானுங்க நான் பாக்கறது" என்றேன்.

"மதர்போர்டுக்குப் பாத்தீங்களாமே அக்கா. பிரிண்டர் மட்டும் என்னுங்க பாவம் பண்ணுச்சு?"

ஆடி மாதம், வேறு வேலையும் இல்லை. பார்த்தேன். பிரிண்டருக்குச் செவ்வாய் தோஷம். கம்ப்யூட்டருக்கு இல்லை. இரண்டையும் கொஞ்ச நாள் தனித்தனி மேஜையில் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

பழனியப்பன் வந்து வெற்றிலை பாக்கு பழம் வைத்துவிட்டுப் போனார். தனி மேஜைக்குப் போனதிலிருந்து பிரிண்டர் ஒரு தாளைக்கூடச் சிக்கவைக்கவில்லையாம். சாயங்காலம் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் பார்க்கச் சொல்லி இரண்டு குடும்பம் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

யுவராஜ் போன்.

"ஏம்மா, இன்னும் எதுக்கு அவளைக் கூப்புட்டுட்டு இருக்கறீங்க? அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

"கம்ப்யூட்டர் வேலைடா."

"ஒரு போர்டு வாங்கறதுக்கு ஒரு மாசமா?"

"உனக்குப் பொண்ணு பாக்கறதுக்கு மூணு வருசம் ஆச்சு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. என் மகன் கெட்டவன் இல்லை. அவளும் கெட்டவள் இல்லை. இருவருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

புது லேப்டாப் ஒன்று அனுப்புகிறானாம். போர்டு, சிஸ்டம் எதையும் பார்க்கவேண்டாமாம். எல்லாம் உள்ளேயே இருக்குமாம்.

ஆகஸ்ட் 9, சனி

லேப்டாப் வந்தது. மேகலாவும் நானும் மேஜையில் வைத்துப் பார்த்தோம். திறந்தவுடன் தானாகவே வணக்கம் சொல்லியது. உள்ளே போர்டும் சிஸ்டமும் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. யாரையும் கேட்கவில்லை, தேதி பார்க்கவில்லை, ஓடிப்போய் முடித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற ஜோடி.

"நல்ல லேப்டாப்புங்க அத்தை" என்றாள் மேகலா. குரல் இறங்கியிருந்தது. "இது வந்தாச்சுன்னா போர்டு வேண்டியதில்லைங்க."

"எழுத்தெல்லாம் பொடியா இருக்குது. எனக்குக் கண்ணு தெரியாது."

"எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாமுங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா ரொம்பப் பெருசு பண்ணினாலும் சிரமந்தானுங்க."

திங்கட்கிழமை திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்புறம் அவளுக்கு நல்ல பசி.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தது. நசீர் பாய் இரண்டாவது போர்டு கொண்டுவந்து காட்டினார். பூச நட்சத்திரம். திருவோணத்துக்கு யோனி குரங்கு, பூசத்துக்கு ஆடு. இரண்டும் பகை. ஒத்துவராது என்றேன்.

"அம்மா, மனசு விட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு நெசமா போர்டு வேணுமா?"

"வேண்டாம்னா எதுக்குங்க பாய் இத்தனை அலையறேன்?"

தாடியைத் தடவிக்கொண்டே போனார்.

ஆகஸ்ட் 30, சனி

மூன்றாவது போர்டு. எட்டுப் பொருத்தம். டப்பாவின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வேண்டாம் என்றேன். மேகலாவும், "மூலை நசுங்கினா எடுக்கக்கூடாதுங்க" என்றாள். நசீர் பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் படித்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நசீர் பாய் முகமெல்லாம் பல்லாக வந்தார். ஈரோடு, திருப்பூர், சேலம் என்று ஒன்பது கடைகளுக்குப் போன் செய்து தேதி கேட்டிருக்கிறார். தேதியை வைத்து நட்சத்திரம் கண்டுபிடிக்கவும் எங்கேயோ கற்றுக்கொண்டாராம்.

"பத்துக்குப் பத்தும்மா. ரஜ்ஜு இல்லை, பகை இல்லை, டப்பா மூலைகூட நசுங்கலை."

நானும் போட்டுப் பார்த்தேன். பத்தும் பொருந்துகிறது. ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். அவர் போன பிறகு சமைக்கப் பிடிக்கவில்லை. காலையில் மிஞ்சிய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

வந்தவுடன் சொல்லிவிட்டேன்.

"போர்டு அமைஞ்சிருக்குது மேகலா. பத்துக்குப் பத்து."

கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். பிறகு, "பத்து வேண்டாமுங்க அத்தை" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்து, அவள் முதுகைத் தட்டிவிட்டாள். அவளுக்கும் யுவராஜுக்கும் பத்துக்குப் பத்து என்று போட்டது நான்தான். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டியிருந்தேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. போன வருடம்தான் கழற்றினேன்.

"நாந்தான் கண்ணு உன்னை இங்க கொண்டுவந்தேன். என் மேல கோவம் இல்லையா?"

"எதுக்குங்க கோவம்? அவருக்கும் எனக்கும் பார்த்தீங்க. உங்களுக்கும் எனக்கும் யாரும் பார்க்கலீங்களே" என்றாள்.

அவள் போன பிறகு பார்த்தேன். சாஃப்ட்வேரில் என் நட்சத்திரத்தையும் அவள் நட்சத்திரத்தையும் போட்டேன். மணமகன் விவரம் இல்லை என்று மறுத்துவிட்டது. சரி என்று கையால் கணக்குப் போட்டேன். பத்துக்கு இரண்டு. கணம் இல்லை, ராசி இல்லை, வசியம் சுத்தமாக இல்லை. ஒரு வரன் இப்படி வந்திருந்தால் தாளை மடித்து அப்பொழுதே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி. புரட்டாசியிலும் பெண் எடுப்பதில்லை. நசீர் பாய்க்குச் சொல்லியனுப்பினேன்.

செப்டம்பர் 20, சனி

மேகலா வந்தாள். போர்டு பற்றிப் பேசவே இல்லை. கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்தாள். ஒயர்களையெல்லாம் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாள். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். யாராவது வந்து பார்த்தால் தெரியவேண்டும் என்றாள். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "வர்றனுங்க அத்தை." "வா கண்ணு" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயிருக்கலாம்.

செப்டம்பர் 24, புதன்

முடிந்துவிட்டது. யுவராஜ் போன் செய்தான். அழுதான். நான் அழவில்லை.

செப்டம்பர் 27, சனி

ஒன்பதரை பஸ்ஸில் அவள் இல்லை. பஸ் வரும் நேரத்துக்கு நான் சும்மாதான் வாசலில் நின்றேன்.

அக்டோபர் 4, சனி

இன்றைக்கும் இல்லை. ஐந்து இட்லி மிஞ்சியது.

அக்டோபர் 6, திங்கள்

இனி எந்தப் போர்டாக இருந்தால் என்ன என்று நசீர் பாய்க்குப் போன் செய்தேன். சதயமோ பூசமோ, கையில் கிடைப்பதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போங்கள் என்றேன். புரட்டாசி பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

சாயங்காலமே டப்பாவோடு வந்தார். மாட்டுவதற்கு முன்னால் பழைய கம்ப்யூட்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். ஏதோ பட்டனை அழுத்தினார், நீலத் திரை வந்தது. இரண்டு தடவை தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த போர்டுக்கு என்னம்மா குறை?"

"புது சிஸ்டத்துக்கு ஒத்துவராதுன்னாங்களே."

"யாரு சொன்னா? பாதுகாப்புக்குன்னு உள்ளயே ஒரு வசதி இருக்கும்மா. கம்பெனியிலேருந்து வரும்போதே ஆஃப்ல இருந்திருக்குது. இப்ப ஆன் பண்ணிட்டேன். பாருங்க."

பார்த்தேன். சிவப்பு எழுத்தைக் காணவில்லை. "உங்கள் கம்ப்யூட்டர் பொருந்துகிறது" என்று பச்சையில் இருந்தது.

"இது விவரம் தெரிஞ்சவங்க பார்த்தா தெரியுமுங்களா பாய்?"

"மூணு நிமிசத்துல தெரிஞ்சிரும். மொதல்ல பாக்கறதே இதைத்தானே?"

"ஆஸ்பத்திரியில இருநூறு கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவங்களுக்கு?"

நசீர் பாய் கொண்டுவந்த டப்பாவின் மேல் இருந்த தூசியை, இல்லாத தூசியை, துடைத்தார்.

பதினோரு சனிக்கிழமை. கோயமுத்தூரிலிருந்து வர இரண்டரை மணி நேரம், போக இரண்டரை மணி நேரம். நாற்பது போர்டுகளின் பெயரை நோட்டில் எழுதினாள். ஆடியில் எப்படி என்றாள். மூலை நசுங்கினால் எடுக்கக்கூடாது என்றாள். நான்தான் அவளை ஏமாற்றி வரவைக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அழுகை வந்தது. நசீர் பாய் முன்னாலேயே அழுதேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பாய், ஒரு உதவி. அதை மறுபடி ஆஃப் பண்ணிருங்க."

அவர் பட்டனை அழுத்தினார், நீலத் திரை வந்தது. முடித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்து வந்திருந்தது. வந்ததற்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வேலையே செய்யவில்லையே என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 8, புதன்

இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்றைக்கு மத்தியானம் மேகலாவுக்குப் போன் செய்தேன். நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். சொல்லுங்க என்பதற்குப் பிறகு வழக்கமாக ஒரு வார்த்தை வரும். அது வரவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"நசீர் பாய் வந்திருந்தாரு. கம்ப்யூட்டரைத் தெறந்து பாத்தாரு" என்றேன்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரையோ பெயர் சொல்லி அழைப்பது மட்டும் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"என்னங்க சொன்னாரு?"

"இந்த போர்டு ஒத்துவரவே வராதுன்னுட்டாரு. புதுசும் சுலபமா அமையாதாம். வருசக்கணக்கா ஆனாலும் ஆகுமாம்."

போன் கட் ஆகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"அவரே பார்த்துட்டு, அப்படியா சொன்னாரு?"

"ஆமா கண்ணு. அவரே பாத்துட்டுத்தான் சொன்னாரு."

மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை.

"அப்பச் சரிங்க அத்தை" என்றாள். "சனிக்கிழமை வந்து பாக்கறனுங்க."